பிளக்கைப் பார்த்து இன்ஜினை அறிவது

ஸ்பார்க் பிளக்கின் முனை எரியறைக்குள்ளேயே இருந்து வேலை செய்கிறது. கலவை எப்படி எரிந்தது, ஆயில் உள்ளே வருகிறதா, சூடு எல்லை மீறியதா என்பதெல்லாம் அதன் வெள்ளைப் பீங்கான் மூக்கிலும் எலக்ட்ரோடுகளிலும் பதிந்துவிடும். கம்ப்யூட்டரை இணைத்துக் குறை கண்டுபிடிக்க முடியாத பழைய கார்களில் ஹெட்டைக் கழற்றாமல் உள்நிலையை அறிய இதைவிட எளிய வழி இல்லை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்த இந்த 4 சிலிண்டர் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர்.

கழற்றும் முறை

வண்டியை ஐடிலில் வெகுநேரம் விட்டோ, சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தோ உடனே பிளக்கைக் கழற்றினால், நல்ல இன்ஜினும் கரி பிடித்ததாகவே தெரியும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, சோக் முழுவதும் உள்ளே போன நிலையில் வண்டி 15, 20 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். ஓட்டத்தில் கலவை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்க்க, ஆளில்லாத நேர்ச்சாலையில் டாப் கியரில் ஒரே சீராக ஓட்டி, கிளட்சை மிதித்து இக்னிஷனை அணைத்து, வண்டியைத் தானாக உருளவிட்டு ஓரங்கட்டுவார்கள். ஸ்டீயரிங் லாக் உள்ள வண்டியில் உருளும்போது சாவியை உருவக் கூடாது.

இன்ஜின் ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து அகற்றிவிட்டே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். பிளக் ஒயர்களில் எண் குறித்து, கழற்றிய பிளக்குகளை 1 முதல் 4 வரை வரிசையாக ஓர் அட்டையில் வைக்க வேண்டும். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று தெரியாமல் கலந்துவிட்டால் பாதித் தகவல் போய்விடும்.

நிறங்கள் சொல்வது

நல்ல நிலையில் பீங்கான் மூக்கு இளம்பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருக்கும். இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்ட பிறகு இந்த நிறம் வெளிறிவிட்டது. பழைய கையேட்டுப் படத்தில் உள்ள அடர்பழுப்பு வரும்வரை கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே போனால் கலவை தேவைக்கு மேல் ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் மிகுந்துவிடும். இன்றைய பெட்ரோலில் ஓடும் பிளக்கை டார்ச்சும் உருப்பெருக்கியும் கொண்டு, பீங்கான் உலோகக் கூட்டுக்குள் இறங்கும் அடிப்பகுதிவரை பார்க்க வேண்டும். கலவையைக் காட்டும் மெல்லிய நிற வளையம் அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

விரலில் ஒட்டும் உலர்ந்த கரி, கலவை ரிச் என்பதற்கோ ஸ்பார்க் பலவீனம் என்பதற்கோ அடையாளம். நான்கிலும் ஒரே மாதிரி இருந்தால், ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுவதும் திரும்பாத சோக், மிதவை மட்டம் உயர்வு, அதிகம் இறங்கிய ஜெட் என்று கார்புரேட்டர் பக்கம் போகலாம். ஒன்றில் மட்டும் இருந்தால், முதலில் அந்தப் பிளக்கையும் அதன் ஒயரையும் கேப்பையும் சோதிக்க வேண்டும். பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், அந்தச் சிலிண்டரில் கலவை பற்றவே இல்லை.

ஈரமாகப் பளபளக்கும் கறுப்பு, ஆயில் வருவதைக் காட்டுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து ஏறும்போது நீலப்புகை வந்தால் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம் வரும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால் வால்வ் கைடு மீது வரும். இதை உறுதிசெய்ய கம்ப்ரஷன் சோதனை உண்டு. முதலில் அப்படியே அளந்து, பிறகு ஒரு தேக்கரண்டி ஆயிலைச் சிலிண்டரில் விட்டு அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு போல வெளுத்து, சில இடங்களில் கொப்புளம் கண்ட மூக்கு அதிகச் சூட்டின் அடையாளம். பெட்ரோல் குறைந்த லீன் கலவை, காற்றுக் கசிவு, அளவு மீறி அட்வான்ஸ் ஆன டைமிங், பொருந்தாத பிளக் ஆகியவை இதற்குக் காரணங்கள். இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. எத்தனாலின் எடையில் சுமார் 35 சதவீதம் ஆக்சிஜன். அதனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், பழைய அளவுக்கு வைத்த ஜெட் லீனாகவே ஊட்டும். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டை ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டும் கீழிறக்கி, மறுபடி ஓட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் தண்ணீர் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் காரணமின்றிக் குறைந்தால் சந்தேகம் வலுப்படும். மூக்கில் மிளகுப்பொடி தூவியது போன்ற புள்ளிகளோ மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங் பிஸ்டனைத் தாக்கத் தொடங்கியிருக்கிறது. டைமிங்கையும் கலவையையும் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

நான்கையும் சேர்த்துப் பார்த்தல்

ஒரு பிளக்கைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது தவறான பாகத்தைக் கழற்றுவதில் முடியும். ‘பி’ வரிசை ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஓர் இன்லெட் வழி. 3, 4 சிலிண்டர்களுக்கு இன்னொன்று. எனவே 1, 2 வெளுத்தும் 3, 4 பழுப்பாகவும் இருந்தால், கார்புரேட்டரைத் தொடும் முன் முன்பக்க இன்லெட் வழியின் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் விட்டால், கசிவு இருக்குமிடத்தில் அது உறிஞ்சப்பட்டு இன்ஜின் ஓசை மாறும். ரேடியேட்டர் ஃபேன் அருகே சுழல்வதால் கையும் துணியும் கவனம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் கம்ப்ரஷன் ஒருசேரக் குறைந்தால், அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஹீட் ரேஞ்ச்

பிளக் முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினால் ஸ்பார்க் வரும் முன்பே கலவை பற்றத் தொடங்கும். இந்த இடைவெளிக்குள் முனையை வைத்திருப்பதே ஹீட் ரேஞ்சின் வேலை. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால், சூட்டை விரைவில் வெளியேற்றும் ‘கோல்டு’. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால், சூட்டைப் பிடித்துவைக்கும் ‘ஹாட்’. நிறுவனம் மாற்றி வாங்கும்போது எண்ணை ஒப்பிடாமல் பொருத்தினால் நேரெதிரான பிளக் வந்துவிடும். ஆயில் அடிக்கும் இன்ஜினுக்கு ஹாட் பிளக் போட்டால் மிஸ்ஸிங் சிறிது காலம் மறையும். ரிங் தேய்வது நிற்காது.

எலக்ட்ரோடும் கேப்பும்

ஓடி ஓடி நடு எலக்ட்ரோடின் கூர்விளிம்பு மழுங்கி, இரு எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான கேப் அகலும். அப்போது ஸ்பார்க்குக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். ஏற்றத்தில் மிஸ்ஸிங் வரும். பக்க எலக்ட்ரோடில் மட்டும் சிறு குழிபோல் தேய்ந்திருந்தால், இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பீங்கானின் வெளிப்புறத்தில், உலோகக் கூட்டை ஒட்டித் தெரியும் பழுப்புக் கறை, உயர் வோல்டேஜ் அங்கே ஈர்க்கும் தூசியும் ஆயில் துளியும் படிந்தது. அதைக் கேஸ் கசிவு என்று எண்ணிப் பிளக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இந்த இன்ஜினுக்கு கேப் 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.64 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வைத்து, பக்க எலக்ட்ரோடை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்ய வேண்டும். நடு எலக்ட்ரோடில் அழுத்தம் பட்டால் பீங்கான் விரிசல் விடும். பொருத்தும்போது மரை ஒழுங்காக ஏறும்வரை கையாலேயே திருக வேண்டும். வாஷர் கொண்ட புதிய பிளக் கையால் இறுகிய பின் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து சற்றே கூடுதலாக முடுக்கினால் போதும். முன்பே பயன்படுத்திய பிளக்குக்கு அதில் சிறு பங்கே தேவை. ஒவ்வொரு முறையும் தேதி, ஓடிய கிலோமீட்டர், நான்கு பிளக்குகளின் நிறம், செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அடுத்த முறை மாறியிருப்பது எது என்பது உடனே தெரியும்.