எட்டு விசைகளில் ஒரு விடுதித் தபால்

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு மார்ச்சில் ஒரு திருவிழா, ஓகஸ்டில் ஒரு திருவிழா. இரண்டுக்கும் நாடு முழுவதிலிருந்தும் தமிழரும் சிங்களவருமாக மக்கள் வந்து சேர்வார்கள். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்றை நம்பிக் கற்பிட்டிக்குக் கைட் சர்ஃபிங் ஆட்கள் வருவார்கள். நவம்பருக்குப் பிறகு டொல்பின் பார்க்க வருபவர்கள். எங்கள் குடும்ப விடுதிக்கு இவர்கள் எழுதும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவது என் பொறுப்பு. அதை மட் என்ற நிரலில் செய்கிறேன். படம் இல்லை, பொத்தான் இல்லை. கறுப்புத் திரையும் எழுத்தும் மட்டும். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கிய நிரல் அது, இன்றும் பராமரிக்கப்படுகிறது.

2022இல் இதன் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது. அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரம் வரை போனது. நுரைச்சோலை அனல்மின் நிலையம் பக்கத்தில் இருந்தும் எங்களுக்கும் அதே இருட்டுத்தான். கரண்ட் இல்லாத நேரத்தில் சிக்னலும் தளரும். உலாவியில் தபால்பெட்டி திறக்கவே திறக்காது. ஐசிங்க் என்ற துணை நிரலால் கடிதங்களை முன்கூட்டியே வட்டில் இறக்கி வைத்திருந்ததால், மட்டில் எல்லாவற்றையும் படித்துப் பதிலும் எழுதி வைக்க முடிந்தது. லைன் வந்ததும் ஒரு விசையில் போய்விடும்.

அந்த ஒரு விசைதான் மேக்ரோ. வரிசையாக அழுத்த வேண்டிய பல விசைகளை ஒன்றில் கட்டிவைப்பது. மட்டின் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் எழுதலாம்: முதலில் மேக்ரோ என்ற கட்டளை, அடுத்து அது எந்தத் திரையில் வேலை செய்ய வேண்டும் என்பது, அடுத்து விசை, பிறகு மேற்கோளுக்குள் செயல்களின் வரிசை, கடைசியில் ஒரு சிறு விளக்கம். செயல்களை அவற்றின் குறுக்கு விசைகளாலும் எழுதலாம், கோணக் குறிக்குள் முழுப்பெயராலும் எழுதலாம். முழுப்பெயரையே எழுதுங்கள். நாளைக்கு ஒரு விசையின் வேலையை மாற்றினால், குறுக்கெழுத்தை நம்பிய மேக்ரோ எல்லாம் வேறு எதையாவது செய்யத் தொடங்கிவிடும்.

விசையைத் தேர்வது தமிழில் எழுதுபவர்களுக்குத் தனிப் பிரச்சினை. ஆங்கிலக் கையேடுகள் ஏதாவது ஓர் எழுத்தில் மேக்ரோவை வைக்கச் சொல்லும். நாமோ பதிலைத் தமிழில் அடித்துவிட்டு, விசைப்பலகை தமிழிலேயே இருக்க, பட்டியலுக்குத் திரும்புவோம். அப்போது எந்த எழுத்தை அழுத்தினாலும் போவது தமிழ் எழுத்து; மட்டுக்கு அது கட்டளை இல்லை. எஃப் வரிசை விசைகளுக்கு மொழி கிடையாது. அவற்றிலும் எஃப்1, எஃப்10, எஃப்11 மூன்றையும் பல டெர்மினல்கள் தமக்கென்று எடுத்துக்கொள்கின்றன. இடைவெளியின்றி வரிசையாக மிஞ்சுபவை எஃப்2 முதல் எஃப்9 வரை. எட்டு விசை ஒரு விடுதிக்குத் தாராளம்.

எஃப்2 படிக்காத கடிதங்களையும் நட்சத்திரம் இட்டவற்றையும் மட்டும் காட்டும். எஃப்3 எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரும். சின்ன மேக்ரோக்கள்தாம், ஆனால் காலையில் முதலில் தொடுவது இவற்றைத்தான். எஃப்4 திருவிழாக் கடிதங்களைப் பிரிக்கும். தலைப்பில் அன்னம்மாள் என்றோ திருவிழா என்றோ, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதற்கு வழங்கும் சொற்களோ இருந்தால் போதும். எல்லாச் சொற்களையும் நிலைக்கோடு போட்டு ஒரே தேடலில் அடுக்கலாம். கடிதத்தின் உள்ளே தேட வேண்டுமானால் ஒன்றைக் கவனியுங்கள். டில்டே குறியோடு உள்ளடக்கத்தைத் தேடினால், வட்டில் இறக்காமல் சேவையகத்திலேயே இருக்கும் கடிதங்களை மட் ஒவ்வொன்றாக இறக்கித் தேடும். டில்டேக்குப் பதில் சமக்குறி போட்டால் தேடும் வேலையைச் சேவையகமே செய்துவிடும். எங்கள் கரையின் லைனுக்கு இந்த ஒரு குறி பெரிய வித்தியாசம்.

எஃப்5 பழைய கடிதங்களைக் காப்பகத்துக்கு அனுப்புவது. இங்கேதான் மேக்ரோ எழுதுபவர் நிதானிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டவற்றைக் குறியிடு, குறியிட்டதை நகர்த்து என்று இரண்டே படி போலத் தோன்றும். முன்பு வேறு காரணத்துக்குக் குறியிட்ட கடிதம் ஒன்று பெட்டியில் கிடந்தால் அதுவும் சேர்ந்து போகும்; ஆகவே முதல் படி எல்லாக் குறியையும் நீக்குவது. எந்தக் கடிதமும் குறியில் சிக்காவிட்டால் நகர்த்தும் கட்டளை திரையில் நிற்கும் கடிதத்தின் மீது பாயக்கூடும்; இதற்கென்றே நிபந்தனையோடு கூடிய குறி முன்னொட்டு ஒன்றை மட் வைத்திருக்கிறது. குறியிட்டது ஒன்றும் இல்லையென்றால் மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று, இருக்கும் கோப்புறையில் சேர்க்கும்போது மட் ஆம், இல்லை என்று கேட்கும். அந்தக் கேள்வி மேக்ரோவின் அடுத்த விசையை விழுங்கிவிடும். உறுதிகேட்பை அமைப்புக் கோப்பில் அணைத்துவையுங்கள். ஒத்திசைக்கும் கட்டளையை மட்டும் இந்த மேக்ரோவுக்குள் வைக்காதீர்கள். நகர்த்திய கடிதம் ஒத்திசைக்கும்வரை பழைய இடத்தில் அழிப்புக் குறியோடு இருக்கும், மீட்கலாம். அந்த அவகாசம் வேண்டும்.

எஃப்6தான் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டணம், வழி, பாலாவிச் சந்தியில் எப்படித் திரும்புவது, பூசை நேரம் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. மேக்ரோ முதலில் அந்தக் கோப்பைக் கையொப்பமாக மாற்றும், அடுத்துப் பதில் எழுதும் திரையைத் திறக்கும். எழுதி முடித்து எடிட்டரை மூடியதும், மேக்ரோவில் எஞ்சிய பகுதி விட்ட இடத்திலிருந்து தொடரும். எடிட்டர் திறந்திருந்த நேரமெல்லாம் அது காத்திருக்கும். ஆகவே வழக்கமான கையொப்பத்தைத் திரும்ப வைக்கும் கட்டளையை அதே வரியின் முடிவில் எழுதிவிடலாம். அனுப்பும் கட்டளையையும் அங்கே எழுத முடியும். எழுத வேண்டாம். எழுபது வயதில், நேர்த்திக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஓர் அம்மாவுக்குக் கட்டணப் பட்டியலுக்கு மேலே “கீழ்த்தளத்தில் அறை வைத்திருக்கிறோம் அம்மா” என்ற ஒரு வரி தேவை. அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையால் அனுப்புவதுதான் முறை.

எஃப்7, எஃப்8 இரண்டும் பழைய தமிழுக்கானவை. கனடாவிலுள்ள சித்தப்பா முன்பு முரசு அஞ்சல் மென்பொருளில் அடித்து அனுப்பிய கடிதங்கள் திஸ்கி என்ற பழைய குறிமுறையில் இருக்கின்றன. யூனிகோடு நிரல்களில் திறந்தால் குப்பையாகத் தெரியும். லினக்ஸின் குறிமுறை மாற்றியான ஐகான்வ் திஸ்கியை அறியும். கடிதத்தின் உள்ளடக்க வகையைத் திருத்தும் செயலைத் திறந்து, இருப்பதை அழித்து, எழுத்துக் குறிமுறை திஸ்கி என்று எழுதி என்டர் தட்டினால் போதும். எஃப்7 அதைச் செய்கிறது. சித்தப்பாவின் பழைய கடிதம் அப்படியே தமிழில் எழுந்து நிற்கும்.

பாமினி அவ்வளவு சுலபமில்லை. இலங்கையில் இன்னும் பலர் பாமினியில் அடிக்கிறார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. கணினிக்கு அது ஆங்கிலம்தான். புள்ளிக்கு அரைப்புள்ளி, இகரத்துக்குக் காற்புள்ளி என்பதால் வந்த கடிதம் அரைப்புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். இதற்குச் சிறு பைத்தன் நிரல் எழுதி, எஃப்8இல் கடிதத்தை அதற்குள் குழாய் வழியே செலுத்துகிறேன். எழுதுபவர்கள் கவனிக்க: பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னே வரும், யூனிகோடில் பின்னே. அதனால் கொ, கோ போன்ற மூன்று குறி சேர்ந்தவற்றை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். குழாயில் அனுப்புமுன் கடிதத்தின் குறியாக்கத்தை அவிழ்க்கும் அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரலுக்கு வந்து சேர்வது பொதிந்த மூலம். இடையில் வரும் ஆங்கிலப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் தமிழாகத் திரிந்துவிடும். அவற்றை மூலத்தில்தான் பார்க்க வேண்டும்.

எஃப்9 ஐசிங்கை ஓட்டிக் கடிதங்களை இறக்கும், வரிசையில் காத்திருப்பவற்றை அனுப்பும்.

திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிய எக்ஸ்டெர்மை விட்டுக் கொன்சோல் அல்லது எம்எல்டெர்ம் என்ற டெர்மினலுக்கு மாறுங்கள். அப்படியும் தமிழ்ப் பெயருக்குப் பின்னால் வரும் நெடுவரிசைகள் நகர்ந்து போகலாம். பட்டியலின் வடிவத்தில் எண், திகதி, அளவு ஆகியவற்றை முன்னே வைத்து, பெயரையும் தலைப்பையும் கடைசிக்குத் தள்ளிவிட்டால் கண் உறுத்தாது.

ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2022 மே 30க்குப் பிறகு சாதாரணக் கடவுச்சொல்லால் இத்தகைய நிரல்களில் நுழைய முடியாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். அதை அமைப்புக் கோப்பில் எழுதாதீர்கள். ஜிபிஜி என்ற மறையாக்க நிரலால் பூட்டிய வேறு கோப்பில் வைத்து, மட் திறக்கும்போது அங்கிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது அமைப்புக் கோப்பை யாருக்கும் கொடுக்கலாம்.

என் கோப்பு இப்போது தங்கச்சியின் மடிக்கணினியிலும் இருக்கிறது. திருவிழா வாரத்தில் நான் ஆலய வளவில் நிற்கும்போது பதில் எழுதுவது அவள். ஒவ்வொரு மேக்ரோவின் முடிவிலும் விளக்கத்தைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கேள்விக்குறியை அழுத்தினால் பட்டியல் வரும், அவள் என்னைத் தொலைபேசியில் அழைக்கத் தேவையில்லை. கைட் சர்ஃபிங் ஆட்களுக்குத் தனியாக ஒரு கட்டணக் கோப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எஃப்3இன் வேலையை ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தும் எஃப்2க்கு மாற்றினால் இடம் கிடைக்கும்.