ஏ.சி. தண்ணீரைக் குடிக்கலாமா?

"காற்றிலிருந்தே குடிநீர் எடுக்கும் மெஷின் வந்துவிட்டதே டாக்டர், ஏ.சி.யில் சொட்டுவதும் அதே தண்ணீர்தானே?" என்று சிலர் கேட்கிறீர்கள். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டுக்குப் பிறகு நியாயமான கேள்விதான். ஆனால் குடிக்கவே கூடாது!

தத்துவம் ஒன்றுதான். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வேர்க்கிறதல்லவா? அதுபோல, குளிர்ந்த குழாயில் படும் காற்றின் ஈரம் நீராகிறது. குடிநீர் மெஷினில் அந்த நீரை வடிகட்டி, கிருமி நீக்கித் தருகிறார்கள். பலவற்றில் தாது உப்பும் சேர்க்கிறார்கள். ஏ.சி.யில் அதெல்லாம் கிடையாது. தூசி, பூஞ்சை, பாக்டீரியா, குழாயின் உலோகம் எல்லாம் கலந்து வரலாம். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், உலோகம் போகாது.

வீடு துடைக்க, கழிவறைக்கு அந்த நீர் போதும். மெஷின் வாங்கியவர்களும் ஃபில்டரைக் காலம் தவறாமல் மாற்றுங்கள்.