உவர் நிலத்தில் எள்ளும் நிலக்கடலையும்

வடபகுதிக் கரையோரக் கமக்காரர்களுக்கு

எள்ளு விதைத்த தோட்டம் ஒருபுறம் செழித்தும், மறுபுறம் திட்டுத்திட்டாக வெளித்தும் கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். விதை பழுது என்றோ, எறும்பு கொண்டுபோயிற்று என்றோ எண்ணி அவ்விடங்களில் மீண்டும் விதைப்போர் பலர். இரண்டாம் விதைப்பும் அதே இடங்களிற் பொய்க்குமாயின், குற்றம் விதையிலன்று. மண்ணிலே உவர் ஏறியிருக்கலாம். அதனை அறியாது விதையும் பசளையும் கூலியும் இடுவது, கைப்பணத்தை மண்ணிற் புதைப்பதாகும்.

உவர் எங்கிருந்து வருகின்றது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகளுக்கு நீர் தருவது சுண்ணாம்புக் கல்லினுள் தேங்கும் மழைநீரே. கடல்நீரிலும் பாரங் குறைந்ததாதலால், இந்நன்னீர் அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே இயந்திரத்தால் இடைவிடாது இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியிலுள்ள உவர் நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு. கோடையிற் கிணற்று நீர் கரிப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

கடனீரேரிகளை அடுத்த நிலங்களில் உவர் நீர் ஊறி ஏறுவதுண்டு. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, கடல்நீர் நேரே தோட்டங்களிலும் வயல்களிலும் புகுந்தது. ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் உப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது நாம் பாய்ச்சும் நீரேயாகும்.

நீரிலும் மண்ணிலுமுள்ள உப்பை, அது மின்னைக் கடத்தும் ஆற்றலைக் கொண்டு அளப்பர். அந்த அளவு ‘மீற்றருக்கு இத்தனை டெசிசீமன்’ எனக் கூறப்படும். இங்கே அதனை ‘அலகு’ எனச் சுருக்கிக் கூறுவோம். 2 அலகு உவருள்ள கிணற்று நீரை ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல ஆழம் பாய்ச்சினால், அதனுடன் ஏறக்குறைய 130 கிலோகிராம் உப்பு நிலத்திற் சேரும். பத்து முறை பாய்ச்சினால் அது 1,300 கிலோகிராம். நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாவதில்லை.

பயிருக்கு நேரும் தீங்கு

முதலாவதாக, மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது தவிக்கும். விதை முளைப்பதற்கு வேண்டிய நீரும் எளிதிற் கிடையாது. இரண்டாவதாக, சோடியமும் குளோரைட்டும் இலைகளிற் சேர்ந்து, முதிர்ந்த இலைகளின் ஓரங்களையும் நுனிகளையும் கருக்கும். மூன்றாவதாக, சோடியம் மிகும்போது பயிருக்குக் கல்சியமும் பொற்றாசியமும் கிடைப்பது குறையும்.

நிலக்கடலைக்கு இம்மூன்றாவது தீங்கு மிகப் பெரிது. பூத்தபின் அதன் காம்பு மண்ணினுட் புகுந்து காயாகின்றது. அக்காய் தனக்கு வேண்டிய கல்சியத்தை வேர் வழியாக அன்றி, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராகப் பெறுகின்றது. அங்கே கல்சியம் குறைந்தால், மேலே கொடி பசுமையாக நின்றாலும் கீழே காய் பொக்காகும்.

பருப்புத் திரளாத வித்தில் எண்ணெயும் குறைவு. ஆதலால் நிறுவையிலும் நட்டம், செக்கிலும் நட்டம்.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும்?

ஆய்வுகூடத்தில் மண்ணை நீரிற் குழைத்துச் சாறெடுத்து அளப்பர். அச்சாறு 4 அலகைத் தாண்டினால் அம்மண்ணை உவர் மண் என்பது வழக்கம். நிலக்கடலையோ 3.2 அலகுவரையே குறைவின்றி விளையும். அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 29 வீதம் குறையும். எனவே மண் ‘உவர் மண்’ எனப் பெயர் பெறுமுன்னரே ஐந்திலொரு பங்குக்கு மேல் இழந்துவிடுகிறோம். 5 அலகில் பாதி விளைச்சலும் கிடையாது.

எள்ளு வரட்சியைத் தாங்கும் பயிர். ஆதலால் உவரையும் தாங்கும் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. எள்ளு உவருக்கு மிகவும் அஞ்சும். அதன் சிறு விதை மேல் மண்ணிலேயே விழுகின்றது. கோடையில் உப்புச் சேர்வதும் அம்மேல் மண்ணிலேதான். சூரியகாந்தி ஏறக்குறைய 4.8 அலகுவரை தாங்கும். அதன்மேலும் ஓர் அலகுக்கு 5 வீதமளவே குறையும். தென்னை ஓரளவு உவரைப் பொறுக்கும். வேலியோரம் தென்னை காய்ப்பதைக் கண்டு, அதனருகே எள்ளும் விளையும் என எண்ண வேண்டாம்.

உவரை அறிந்துகொள்ளும் வழி

1. காய்ந்த நிலத்தில் வெண்ணிறப் பூச்சுப் படர்தல், உமரிப் பூண்டு முளைத்தல், பயிர் கருநீலம் கலந்த பச்சையாகக் குறுகி நிற்றல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

2. நிலத்தின் பல இடங்களில் அரையடி ஆழம்வரை ஒரு மாதிரியும், அதன்கீழ் ஓரடிவரை வேறொரு மாதிரியும் எடுங்கள். நல்ல இடத்து மண்ணையும் பொய்த்த இடத்து மண்ணையும் கலவாதீர்கள். கிணற்று நீரைக் கோடையின் இறுதியில், சிறிது நேரம் இறைத்தபின் ஒரு போத்தலிற் பிடித்து, இம்மாதிரிகளுடன் பரிசோதனைக்குக் கொடுங்கள். நீர் 0.7 அலகுக்குக் குறைந்தால் அச்சமில்லை. 3 அலகைத் தாண்டினால் இப்பயிர்களுக்கு ஆகாது.

3. வீட்டிலே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. மூன்று சிரட்டைகள் எடுங்கள். ஒன்றில் நல்ல மண்ணும், மற்றையிரண்டில் ஐயமுள்ள மண்ணும் இட்டு, ஒவ்வொன்றிலும் 50 எள்ளு விதை இடுங்கள். முதலிரண்டுக்கும் மழைநீரும், மூன்றாவதுக்கு உங்கள் கிணற்று நீரும் ஈரம் காக்குமளவு தெளியுங்கள். பத்தாம் நாள் முளைகளை எண்ணுங்கள். முதலாவதில் நன்கு முளைத்து இரண்டாவதிற் குறைந்தால் மண்ணில் உவர் உண்டென ஐயுறலாம். மூன்றாவதில் இன்னுங் குறைந்தால் நீரிலும் உண்டெனக் கொள்ளலாம். நிலக்கடலைக்குச் சிரட்டைக்குப் பதிலாகச் சட்டி கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

உப்பைக் கொல்ல மருந்தில்லை. நல்ல நீர் அதனைக் கரைத்து, வேரின் கீழே கொண்டுசெல்ல வேண்டும். ஓரடி மண்ணினூடாக ஓரடி நன்னீர் இறங்கினால், அதிலுள்ள உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீங்கும். அவ்வளவு நன்னீரைச் செலவின்றித் தருவது மாரி மழையே. எனவே மழைக்கு முன் நிலத்தை உழுது மட்டஞ் செய்து, வரம்பு உயர்த்தி, மழைநீர் ஓடிவிடாது உள்ளே இறங்கச் செய்யுங்கள். அடியில் இறங்கும் நீர் கழிந்தோடத் தாழ்ந்த பக்கத்தில் ஆழமான வடிகால் வெட்டுங்கள்.

இவ்வேலையை விதைக்குமுன்னரே முடித்தல் வேண்டும். எள்ளும் நிலக்கடலையும் தேங்கிய நீரைப் பொறுக்கமாட்டா. பயிர் நிற்கும்போது நீர் கட்டி உப்பைக் கழுவ முயன்றால் பயிரே அழியும்.

மழை ஓய்ந்ததும் காலந் தாழ்த்தாது விதையுங்கள். காலபோக நெல்லை அறுத்த வயலில் எள்ளு விதைப்போர் ஈரம் உள்ளபோதே விதைத்தல் நன்று. நாட் செல்லச் செல்ல வெயில் உப்பை மேலே இழுக்கும். வரம்பும் சாலுமாக நீர் பாய்ச்சும் இடங்களில் வரம்பின் உச்சியிலே உப்புத் திரளும். ஆதலால் விதையை உச்சியில் இடாது சரிவில் இடுங்கள். வரிசைகளிடையே வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஆவியாதல் குறையும். பனையோலை, பூவரசங்குழை ஆகியவற்றைத் தாழ்க்கும் நமது பழைய வழக்கமும், மண்ணைப் பொலபொலப்பாக்கி நீர் இறங்க உதவும்.

கரிக்கும் நீரைத் தூவல் முறையில் இலைமேல் தெளிக்காதீர்கள், இலை கருகும். பயிர் வாடுகின்றதே எனப் பசளையைக் கூட்டாதீர்கள். இரசாயனப் பசளையும் உப்பே. நிலக்கடலை பூக்கும் பருவத்தில் அடியில் இடும் ஜிப்சம் காய்க்குக் கல்சியம் தரும். எனினும் ஜிப்சம் தானே உவரை அகற்றிவிடாது. வேண்டிய அளவை, மண் பரிசோதனையின்பின் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

சில அடி ஆழத்திலேயே உவர் நீர் நிற்கும் நிலத்தில், வடிகாலும் அமைக்க இயலாதாயின், மழை கழுவிய உப்பு மீண்டும் மேலே வரும். அந்நிலத்தில் எள்ளும் நிலக்கடலையும் இடாதிருப்பதே இலாபம். உள்ள விதையை மேட்டு நிலத்தில் இடுங்கள். சிறிய பரப்பானாலும் நல்ல மண்ணில் இட்ட விதையே பலன் தரும். அடுத்த போகத்துக்கு விதை எடுக்குமுன், மூன்று சிரட்டைகளை எடுங்கள்.