எமிஸ் பதிவு: கட்டம் நிரம்பினால் போதுமா?

எமிஸ் படிவத்தில் கைபேசி எண்ணும் உள்ளிடப்படுகிறது. அது பெற்றோரின் எண்தானா என்பது முக்கியம். அதைச் சரிபார்க்க வேண்டியவர் வகுப்பாசிரியரே. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் எமிஸ் விவரங்களைக் கொண்டே தயாராகிறது. இன்று தவறும் ஓர் எழுத்து மதிப்பெண் சான்றிதழ் வரை செல்லும். பின்னர் அதைத் திருத்த அலையும் பெற்றோர் ஒருநாள் கூலியை இழப்பார்கள்.

என் வகுப்பில் மூன்று படிகளைப் பின்பற்றுகிறேன்:

1. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தே உள்ளிடுகிறேன்.

2. தெரியாத விவரத்தை ஊகித்து நிரப்புவதில்லை. தனித்தாளில் குறித்துப் பெற்றோரிடம் கேட்கிறேன்.

3. சேமிக்கும் முன், மாணவரை அழைத்துத் தன் விவரத்தைத் திரையில் வாசிக்கச் சொல்கிறேன். தன் பெயரிலுள்ள பிழை குழந்தையின் கண்ணில் உடனே பட்டுவிடுகிறது.