கற்றாழைக்கு எவ்வளவு தண்ணீர்?

திருஷ்டிக்காக வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டுவார்கள். சித்தூர் மாவட்டம் சாந்திபுரத்திலும் இதைப் பார்க்கலாம். மண் இல்லை. தண்ணீர் இல்லை. ஆனாலும் பல நாள் பச்சையாக இருக்கும். மடலுக்குள்ளேயே நீர் இருக்கிறது.

அதே கற்றாழை தொட்டியில் செத்துப் போகிறது. ஏன்? தினமும் தண்ணீர் ஊற்றுவதால்தான். சேற்று மண்ணில் வேருக்குக் காற்று இல்லை. வேர் அழுகும். அழுகிய வேர் நீர் உறிஞ்சாது. மடல் துவளும். ஐயோ, வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவார்கள்!

மண் ஈரமாக இருந்தும் மடல் துவண்டால் செடியைப் பிடுங்குங்கள். கறுத்த வேரைச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். நிழலில் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். அடியில் ஓட்டை உள்ள தொட்டியில், பாதி மணல் கலந்த புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். பிறகு மண் நன்றாகக் காய்ந்தால்தான் ஊற்ற வேண்டும். ஐப்பசி மழையில் தொட்டியைத் திண்ணைக்கு ஏற்றுங்கள்.

அடித்தண்டே அழுகிவிட்டதா? தாய்ச்செடி பிழைக்காது. பக்கக் கன்று இருந்தால் பிரித்து நடலாம்.