தண்ணீர்க் குழாயில் கரண்ட்: கடைக்காரர் அறிய வேண்டிய எர்த் பாடம்



கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களில் நம்மில் பலருக்கு முன்புறம் கடை, பின்புறம் வீடு. இரண்டுக்கும் தண்ணீர் தருவது ஒரே போர் மோட்டார். மழை நாளில் ஷட்டரைத் தொட்டால் சுருக்கென்கிறது, குழாயைத் திறந்தால் விறுவிறுக்கிறது என்கிறோம். செருப்பை மாட்டிக்கொண்டு திறக்கிறோம். அது மின்சாரம் நமக்குத் தரும் முன்னறிவிப்பு. அலட்சியம் செய்யக் கூடாது.

ஷாக் அடிப்பது எதனால்?

நாம் தொடும் இரண்டு இடங்களுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால்தான் உடலில் கரண்ட் பாயும். லீக்கேஜ் உள்ள பிரிட்ஜின் மேல் ஒரு கை, இரும்புக் குழாயின் மேல் மறு கை என்றால் நடுவில் நிற்பது 230 வோல்ட். ஈர உடலின் தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால் பாய்வது 230 மில்லி ஆம்பியர். ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-க்கு மேல் சென்று நீடித்தால் உயிருக்கே ஆபத்து.

பாண்டிங் என்றால் என்ன?

தராசின் இரு தட்டும் சமமானால் முள் அசையாது. அதுபோல இரும்புக் குழாய், ஷட்டர் சட்டம், தகரக் கூரையின் இரும்புச் சட்டம், மோட்டார் உடல் ஆகிய எல்லாவற்றையும் செம்புக் கம்பியால் மெயின் போர்டின் எர்த்துடன் இணைத்துவிட்டால், ஒன்றுக்கொன்று வோல்டேஜ் வித்தியாசம் எழாது. இதற்குத்தான் பாண்டிங் என்று பெயர். பிரதான குழாய்க்கு 6 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் குறையக் கூடாது. பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டுக் கிளாம்ப் போட்டு முறுக்க வேண்டும். கம்பியைச் சும்மா சுற்றி வைத்தால் பயனில்லை.

நம்மிடையே உள்ள தவறுகள்

1. தண்ணீர்க் குழாயையே எர்த்தாக நம்புவது. நடுவில் ஒரு முழம் பி.வி.சி. குழாய் மாற்றினாலே எர்த் அறுந்துவிடும். அதற்கு மேலுள்ள இரும்புக் குழாயெல்லாம் கரண்ட் ஏறி நிற்கும்.

2. நல்ல எர்த் இல்லாமல் பாண்டிங் மட்டும் செய்வது. ஒரு பிரிட்ஜின் லீக்கேஜ் எல்லாக் குழாய்க்கும் பரவும். முதலில் எர்த், பிறகு பாண்டிங்.

3. பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிவது. நியூட்ரல் அறுந்தால் சாமானின் உடலே பேஸ் ஆகிவிடும்.

4. பியூஸ் இருக்கிறதே என்று இருப்பது. எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். லீக்கேஜ் ஆனால் பாய்வது 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பியூஸ் போகாது. சாமான் கரண்டுடனேயே நிற்கும். கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் கூடும். பீங்கான் பியூஸ் கட்டை நம் விருத்தாசலத்துக்குப் பெருமைதான். ஆனால் அது வயர் எரியாமல் காக்குமே தவிர, ஆளைக் காக்காது.

செய்ய வேண்டியது

இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043-ன்படி குழாய் எர்த்தின் நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு எர்த் தடையை அளக்கச் செய்யுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது அடிக்கடி விழுகிறது என்று கழற்றி நேர் இணைப்புக் கொடுக்காதீர்கள். விழுவதே லீக்கேஜ் இருப்பதற்கு அடையாளம்.

முழுவதும் பிளாஸ்டிக் குழாய் என்றால் குழாய்க்குப் பாண்டிங் வேண்டாம்; மோட்டாருக்கு எர்த் கட்டாயம் வேண்டும். யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள்.

சரக்கு நட்டத்தை அடுத்த சந்தையில் ஈடு கட்டலாம். ஈரக் காலோடு குழாயைத் திறக்கும் நம் பிள்ளைக்கும் கடை ஊழியருக்கும் ஈடு ஏது? வரும் மழைக்கு முன்னரே வயர்மேனை அழைத்துவிடுவோம்.