பிரைவேட் ஈக்விட்டியும் விசாவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் நிதித்துறை படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கும் புத்திமதி, ‘பிரைவேட் ஈக்விட்டி பக்கம் தலைவைத்தும் படுக்காதே, விசா கிடைக்காது’ என்பதுதான். நிறுவனங்களை வாங்கி, சில ஆண்டுகள் வளர்த்து, விற்று லாபம் பார்க்கும் துறை அது. அங்கே இடம் பிடிப்பது உள்ளூர்க்காரர்களுக்கே கடினம். விசா அந்தக் கடினத்தை இன்னும் கூட்டுகிறது. ஆனாலும் சிக்கல் எங்கே இருக்கிறது என்று விசாரிக்காமலே நல்ல திறமைசாலிகள் ஒதுங்கிக்கொள்வது வருத்தமளிக்கிறது.

நம்பிக்கை: பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் எதுவும் விசா எடுத்துத் தராது.

உண்மை: பல நிறுவனங்கள் தருவதில்லை, சில தருகின்றன. சட்டம் சிறிய நிறுவனங்களைத் தடுக்கவில்லை. வெளிநாட்டுப் பணியாளருக்கான எச்-1பி வேலை விசாவின் கட்டணங்களில் ஒன்று, 25 ஊழியர்கள் வரை உள்ள நிறுவனங்களுக்குப் பாதியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. சிறிய நிறுவனங்களைத் தயங்கவைப்பது, எச்-1பி யாருக்கு என்று முடிவுசெய்யும் குலுக்கல்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று பேரை மட்டும் எடுக்கும் நிறுவனத்தில், அவர்களில் ஒருவர் குலுக்கலில் விடுபட்டு நாடு திரும்ப நேர்ந்தால் அந்த அணியே தடுமாறும்.

நம்பிக்கை: பிரைவேட் ஈக்விட்டி ஃபண்டில் சேர்ந்த பிறகுதான் குலுக்கலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உண்மை: அதிகம் பேர் வாய்ப்பைத் தவறவிடக் காரணம் இந்த நம்பிக்கைதான். முதலீட்டு வங்கியில் இரண்டு ஆண்டு அனலிஸ்ட், பிறகு ஃபண்டில் அசோசியேட் என்பதே இந்தத் துறையின் வழக்கமான பாதை. எச்-1பி ஒதுக்கீடு ஆண்டுக்கு 65,000; அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. இதற்கான குலுக்கல் ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும். ஒருமுறை அந்த ஒதுக்கீட்டில் இடம்பெற்றவர் ஆறு ஆண்டு வரம்புக்குள் வேலை மாறினால் மறுபடி குலுக்கலுக்குப் போக வேண்டியதில்லை. புதிய நிறுவனம் மனு தாக்கல் செய்ததுமே அங்கே வேலையைத் தொடங்கலாம். ஆகவே குலுக்கலை வங்கியில் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். வேலை வாய்ப்பு வரும்போது, ‘முதல் மார்ச்சிலேயே என் பெயரைப் பதிவு செய்வீர்களா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய ஃபண்டுகள் வேலை தொடங்க இரண்டு ஆண்டு இருக்கும்போதே நேர்காணலை முடித்துவிடும் வழக்கம் இங்கே நமக்குப் பாதகம். அப்போது எச்-1பி கையில் இருக்காது. 2025இல் ஜேபி மோர்கன் வங்கி இந்த அவசர ஆள்சேர்ப்பைக் கண்டித்தது. பிரைவேட் ஈக்விட்டி நிறுவனமான அப்பல்லோவும் அந்த ஆண்டு நேர்காணலைத் தள்ளிவைத்தது. தாமதமாக ஆளெடுக்கும் நடுத்தர ஃபண்டுகளை நாடினால், குலுக்கல் முடிவைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்.

நம்பிக்கை: கல்லூரியின் பெயர்தான் முக்கியம், பட்டம் எதுவானாலும் சரி.

உண்மை: படித்து முடித்ததும் வேலை பார்க்கத் தரப்படும் ஓபிடி அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புக்கு மேலும் 24 மாதம் உண்டு. பொது நிதியியல் அந்தப் பட்டியலில் இல்லை. எகனோமெட்ரிக்ஸ், மேனேஜ்மென்ட் சயின்ஸ் இருக்கின்றன. மே மாதம் பட்டம் பெறுபவருக்கு முதல் வகையில் பெரும்பாலும் ஒரே ஒரு மார்ச் குலுக்கல். இரண்டாம் வகையில் மூன்று. ஒரே கல்லூரியில் பக்கத்து வகுப்பில் படித்த இருவருக்கு இவ்வளவு வித்தியாசம். படிப்பின் குறியீட்டு எண் கல்லூரி தரும் ஐ-20 படிவத்திலேயே இருக்கும். கூடுதல் 24 மாதத்துக்கு, வேலை தரும் நிறுவனம் இ-வெரிஃபை திட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சிறிய ஃபண்டுகளில் இதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

நம்பிக்கை: இனி எச்-1பி என்றாலே ஒரு லட்சம் டாலர்.

உண்மை: அந்தத் தொகையை விதித்த 2025 செப்டம்பர் அறிவிப்பு எல்லோருக்கும் பொருந்துவது அல்ல. அமெரிக்காவுக்குள் இருந்தபடி மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது என்று குடிவரவுத் துறை அக்டோபரில் விளக்கியது. ஆனால் அந்த மாற்றம் பரிசீலனையில் இருக்கும்போது ஊருக்குப் புறப்பட்டால், மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். விலக்கும் கைவிட்டுப் போகலாம். அக்கா கல்யாணமே ஆனாலும் வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

நம்பிக்கை: விண்ணப்பத்தில் விசா ஆதரவு தேவையில்லை என்று எழுதிவிட்டு, வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

உண்மை: பெரும்பாலான விண்ணப்பங்கள் ‘இப்போதோ இனிமேலோ தேவைப்படுமா?’ என்றே கேட்கின்றன. ஓபிடியில் இருப்பவருக்கும் இதற்கு நேர்மையான பதில் ‘ஆம்’தான். விசா ஆதரவு தர முடியாது என்று நிறுவனம் மறுக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. பொய் சொல்லிச் சேர்ந்தால் வேலை போவதோடு, சின்னஞ்சிறிய இந்தத் துறையில் பெயரும் கெடும்.

நம்பிக்கை: இந்தியா திரும்பினால் கனவு முடிந்தது.

உண்மை: பிளாக்ஸ்டோன், கேகேஆர், கார்லைல், வார்பர்க் பின்கஸ் ஆகிய பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் மும்பையில் அலுவலகம் உண்டு. கிறிஸ்கேபிடல் 1999 முதலே இங்கே முதலீடு செய்கிறது. சென்னையின் ஃபைவ் ஸ்டார் பிசினஸ் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் டிபிஜியும் கேகேஆரும் பணம் போட்டன. இந்தியக் கிளையில் தொடர்ச்சியாக ஓராண்டு வேலை பார்த்த பிறகு, எல்-1 விசாவில் அமெரிக்க அலுவலகத்துக்கு மாறவும் வாய்ப்புண்டு. அதற்குத் தகுதியான பொறுப்பு அமைய வேண்டும். அந்த விசாவுக்குக் குலுக்கலே கிடையாது.

ஆக, இந்தப் பாதையில் பெரிய முடிவுகள் நேர்காணல் அறைக்கு வெகுகாலம் முன்பே எடுக்கப்படுகின்றன: எந்தப் படிப்பு, எந்த வங்கி, எந்த மார்ச். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் சீனியர் சொன்னதை அப்படியே நம்பாமல், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் ஒரு குடிவரவு வழக்கறிஞரையும் கேளுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் குலுக்கலில் பெயர் வராமல் போகலாம். அது உங்கள் திறமைக்கான தீர்ப்பு அல்ல. விசாரிக்காமலே விட்டுவிடுவதுதான் நாமாகத் தேடிக்கொள்ளும் இழப்பு.